பனைமேட்டூரில் ஒற்றை மணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மடவை மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்த நேரத்தில் கோயில் மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்திருப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனாலும் எழுந்து கை கழுவினேன். பனைமேட்டூரில் ஒற்றை மணி என்றால் சாவு. பூசைக்கு அடிப்பது வேறு, திருவிழாவுக்கு அடிப்பது வேறு. யாராவது கண்ணை மூடிவிட்டால் ஒரு அடி அடித்து, அந்த ஓசை முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. முதல் அடி காதில் விழுந்ததுமே களத்தில் நெல் தூற்றுகிறவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். ஊரில் எங்கள் கத்தோலிக்கச் சபை வீடுகள் ஒரு தெருவுக்குத்தான் வரும். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் ஒற்றை மணிக்கு மதம் கிடையாது. எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அந்த மணியை அடிப்பது உபதேசியாரான என் வேலை. பங்குச் சாமியார் தானியேல் ஞாயிறு காலை வெளியூரிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் ஜெபம், ஞானோபதேசம், அடக்கம், மணி எல்லாம் பாக்கியநாதனாகிய நான்தான். நான் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மணி அடித்தால், அடித்தது யார்?

நான் போய்ச் சேர்வதற்குள் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. வாசலில் மெழுகுவர்த்தியும் கொள்ளும் விற்கிற ஜானகியம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தார்.

"யாரு பூட்டாங்க உபதேசியாரே? காலைல கூட யாருக்கும் சீக்குன்னு சொல்லலியே."

மணிக்கூண்டுக்குள் ஒரு இளைஞன் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். இன்னொரு கையில் மஞ்சள் நிறத்தில் பெரிய செல்போன் மாதிரி ஒரு கருவி. காலில் ஷூ.

"சாரி சார். இந்தக் கயிறு எங்க போவுதுன்னு லேசா இழுத்தேன். சத்தியமா லேசாத்தான்."

"லேசா இழுத்தியா?" ஜானகியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, எங்க ஊர்ல இத இழுத்தா ஒரு பொணம் கெடக்கணும். சனம் போட்டது போட்டபடி ஓடியாந்துக்கினு இருக்குது. இப்ப யாரக் காட்டுவ நீ?"

"வேற யாரும் இல்லன்னா நானே படுத்துக்கறேங்க்கா."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு பலர் வேறு மாதிரி பேசினார்கள்.

அவன் பெயர் அன்புசெல்வன். வீடு காக்களூரில், அப்பாவுக்கு அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை. அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். "கோயிலுக்குள்ள ஷூ போட்டுக்கினு வரக்கூடாது தம்பி" என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தான். அவன் உள்ளே திரும்பியதும் அந்த ஷூக்களை ஜோடி சேர்த்து, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். அது என் வழக்கம். வருகிறவர்கள் செருப்பைக் கோயிலைப் பார்த்தபடி விட்டுவிட்டு வருவார்கள். போகும்போது திரும்பி நின்று காலால் துழாவுவார்கள், வயதானவர்கள் தடுமாறுவார்கள். திருப்பி வைத்துவிட்டால் இறங்கியதும் நேராகக் காலை நுழைத்துக்கொண்டு நடக்கலாம். யாரும் என்னைச் செய்யச் சொன்னதில்லை. யாரும் நன்றி சொன்னதுமில்லை. நான் எதிர்பார்த்ததுமில்லை.

"இது ஒரு வெளையாட்டு சார்" என்று அந்த மஞ்சள் கருவியைக் காட்டினான். "ஜியோகேச்சிங்னு பேரு. ஒருத்தர் எங்கயாவது ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டு, அது இருக்கற எடத்த நெட்ல நம்பரா போடுவாரு. இந்த மிஷின் சாட்டிலைட்ட வெச்சு வழி காட்டும். கண்டுபுடிச்சா பேர் எழுதிட்டு டப்பாவ அங்கியே வெச்சுட்டு வந்துரணும்."

"உள்ள இன்னா இருக்கும், தங்கமா?" என்றார் ஜானகியம்மாள்.

"பொம்ம, கீ செயின், அந்த மாதிரி ஏதாவது இருக்கும்க்கா."

"அதுக்கா இந்த வெயில்ல காக்களூர்லேர்ந்து வந்த? படிச்சவங்களுக்கு இன்னா இன்னா பேஜாரு பாரு."

கூட்டம் கலைந்தது. ஜானகியம்மாள் கொள்ளு அளக்கப் போனார். நான் அவனுடன் நின்றேன். எங்கள் கோயிலில் டப்பாவை ஒளித்தவர், சில வருஷங்களுக்கு முன்னால் அவன் கம்பெனியில் மெஷின் மாட்ட வந்த ஒரு டச்சுக்காரராம். நேராக நம்பரைத் தராமல் விடுகதையாகப் போட்டிருக்கிறார். முகப்பில் எத்தனை சிலுவை, எத்தனை தூண் என்று கேள்விகள். ஒவ்வொரு பதிலும் ஒரு இலக்கம்.

"கடைசிக் கேள்விதான் காமெடி சார். 'இங்கே கல்லறையில் உறங்கும் பல்தசாருக்குக் கால்கள் எத்தனை?' இதெல்லாம் ஒரு கேள்வியா? ரெண்டுன்னு போட்டேன். மிஷின் இந்த மணிக்கூண்டுக்குள்ள கொண்டாந்து உட்டுடுச்சு. இங்க டப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதான் கயித்த இழுத்துப் பாத்தேன்."

எனக்குப் பசி போய்விட்டது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பல்தசார் சாமி கல்லறை கோயிலை ஒட்டி வேப்பமரத்தடியில் இருக்கிறது. மனிதக் கல்லறைகளைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே கறுப்புக் கல், அதில் பெயர். சாமி என்றுதான் எங்கள் பக்கத்தில் குருக்களைச் சொல்வது, ஆகையால் அவரும் ஒரு குரு என்றுதான் நான் இந்த ஊருக்கு வந்தபோது எடுத்துக்கொண்டேன். கால்வலிக்காரர்கள் வருவார்கள். நடை பழகத் தாமதமாகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாக ஆட்டோ வாங்கினாலும், ஆந்திரா பக்கம் லோடு அடிக்கிற லாரி வாங்கினாலும், முதலில் இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். எல்லோரும் கல்லறைமீது வேகவைத்த கொள்ளு வைப்பார்கள். ஏன் கொள்ளு என்று வந்த புதிதில் கேட்டேன். "அது அப்டித்தான் நைனா" என்றார்கள். பாவம், காரணம் தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த டச்சுக்காரர் வந்தார். கறுப்புக் கல்லில் பெயருக்குக் கீழே இருந்த அவருடைய பாஷை வரிகளைக் குனிந்து படித்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்பதால், கைகளால் கடிவாளம் பிடித்துக் காட்டிக் கல்லறையைச் சுற்றி டொக்கு டொக்கென்று ஒரு சுற்று ஓடியும் காட்டினார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய தளபதி ஒருவன் எங்கள் கோயிலை லாயமாக்கி வைத்திருந்திருக்கிறான். அவனுக்குப் பிடித்த குதிரை செத்ததும் இங்கேயே புதைத்துக் கல் வெட்டி வைத்துவிட்டான். பல்தசார் அந்தக் குதிரையின் பெயர். நல்லவேளையாக அப்போது அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, ஜானகியம்மாளைத் தவிர. அவரும் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தார், கவனித்திருக்கமாட்டார்.

மறுவாரமே கீழ்வரிகள்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டேன். பெயர் மட்டும் தெரியும்படி விட்டேன். மக்களுக்குச் சொல்ல ஒரு வரலாறும் தயார் செய்தேன். பல்தசார் சாமியார் ஊர் ஊராக நடந்தே போய்ப் போதித்தவர், அதனால்தான் கால் நோய்களைத் தீர்க்கிறார். தவக்காலத்தில் கொள்ளைத் தவிர வேறெதுவும் சாப்பிடமாட்டார், அதனால்தான் கொள்ளு. வியாழக்கிழமை ஜெபத்தில் முதன்முதலாக இதைச் சொன்னபோது மக்கள் அப்படியே தலை குனிந்து கேட்டார்கள். பக்தி மிகுதியில் பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கோயில் வளர்ந்தது. வியாழக்கிழமைகளில் மீஞ்சூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கரண்ட் போகிற காலமாயிற்றே, மைக்செட் சஹாபுதீன் பழவேற்காட்டிலிருந்து ஜெனரேட்டரும் சேர்த்துக் கொண்டுவந்தார். அந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷ மே மாதத் திருவிழாவில் ஆயர் நேரில் வந்து எங்கள் கோயிலைத் திருத்தலமாக அறிவிப்பதாக இருந்தது. அதற்கான சலவைக்கல் வந்து இறங்கிவிட்டது. அதில் என் பெயரும் இருந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். கல்லில் ஒருமுறை வெட்டிவிட்டால் அழிப்பது சிரமம்.

இப்படியிருக்கும்போதுதான் இந்தப் பையன் கால்களை எண்ணிக்கொண்டு நின்றான்.

"சார், ஒருவேள நாலா இருக்குமா?" என்றான். சும்மா விளையாட்டாகத்தான் சொன்னான். நம்பரை மாற்றிப் போட்டான். மஞ்சள் கருவியைப் பார்த்தபடி மணிக்கூண்டிலிருந்து வெளியே வந்து, கல்லறையைச் சுற்றிக்கொண்டு, மதில் ஓரம் போனான். மதிலில் ஒரு கல் ஆடியது. கையை உள்ளே விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். திறந்தான். அதில் கிடந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குதிரை.

"சார். உங்க பல்தசார் சாமி குதிர சார்."

"மெதுவா பேசு தம்பி" என்றேன்.

"நான் கிண்டல் பண்ணல சார். இது சூப்பர் கத சார். போட்டோவோட நெட்ல போட்டேன்னா உலகம் பூரா இருந்து ஆளுங்க வருவாங்க. சனிக்கிழம லீவு. ஒக்காந்து எழுதிடறேன்."

"போடாத தம்பி."

"ஏன் சார்? குதிரன்னா இன்னா தப்பு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியும். அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் என்றால் என்ன என்று விளக்குவது எளிதல்ல. வற்புறுத்தினால் இன்றைக்கே எழுதிவிடுவான் என்றும் பட்டது.

அவனே எனக்கு வழி காட்டினான். "சார், நானும் இங்க ஒரு டப்பா வெக்கலாமா? இதக் கண்டுபுடிச்சவங்க அடுத்து அதத் தேடட்டும். நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்க. சும்மா போறவங்க கைல கெடைக்கக் கூடாது."

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் அல்ல நான்.

"மணிக்கூண்டு உச்சில மணிக்குப் பக்கத்துல ஒரு மாடம் இருக்குது" என்றேன். "அங்க யாரும் போறதில்ல. வியாழக்கிழம சாயங்காலம் வா. சனமெல்லாம் ஜெபத்துக்குக் கல்லறகிட்ட ஒக்காந்துக்கினு இருக்கும். நீ நிம்மதியா வேலையப் பாக்கலாம்."

"தேங்க்ஸ் சார். நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அந்த மணியைக் கீழிருந்து கயிறு இழுத்து அடிப்பதுதான் வழக்கம். மேலே ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஏணிப்படி மரம். உச்சித் தட்டின் பலகைகளைக் கரையான் உள்ளுக்குள் தின்றுவிட்டது. மேலாகப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் படியின் அடியில் 'மேலே ஏறக்கூடாது' என்று நானே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தேன். ஞாயிறன்று கதவின் நிழலில் அதை அவன் கவனிக்கவில்லை. வியாழன் மதியம் அந்தப் பலகையைக் கழற்றித் தூசு துடைத்துச் சக்ரீஸ்து அறையில் பூசை உடைகளுக்குப் பின்னால் வைத்தேன். எழுத்து மங்கிப்போயிருந்தது. புதிதாக எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். பைக்கை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தான். இந்த முறை நான் சொல்லாமலேயே மணிக்கூண்டு வாசலில் ஷூவைக் கழற்றினான். ஒரு தடவை சொன்னால் மனதில் வைத்துக்கொள்கிற பிள்ளை.

"ஷூவ யாரும் தூக்கிக்கினு போயிட மாட்டாங்கல்ல சார்?"

"இது கோயில் தம்பி."

கொண்டுவந்த டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சின்ன பித்தளை மணி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கூத்தின் ஞாபகமாம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்கினான். அவன் தலை முதல் தட்டைத் தாண்டி மறைகிறவரை நின்று பார்த்தேன். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தேன்.

மன்றாட்டு மாலை பாதி நடந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

எல்லோரும் வாயை மூடினார்கள். "ஐயையோ, யாருப்பா?" என்று ஜானகியம்மாள் கையை ஊன்றி எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

நான் மைக்கில் சொன்னேன்: "ஒண்ணுமில்ல, ஒக்காருங்க. அந்தக் காக்களூர்ப் பையன்தான். மறுபடியும் கயித்த இழுத்துப் பாக்கறான்."

சிரிப்பு எழுந்தது. "அவனுக்கு வேற வேலயே இல்லியா, அப்பங்காரன் பட்டறையில குந்தவெச்சா இன்னா" என்று ஜானகியம்மாள் உட்கார்ந்தார். நான் ஜெபத்தைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மணி இன்னொரு முறை அடித்தது. இது அரை அடி. நாக்கு மணியில் உரசிய மாதிரி. யாரும் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் இன்னொரு முறை. கயிறு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்திருக்க வேண்டும். சஹாபுதீனைப் பார்த்து சவுண்டைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினேன். பாட்டு ஆரம்பித்தது. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து நன்றாகப் பாடினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அவனைத் தொடவில்லை. தள்ளவில்லை. பலகைகளைத் தின்றது கரையான். ஏறியது அவன். மணி அடித்ததும் அவன். ஒற்றை மணிக்கு ஊர் வந்திருக்கும். வராததற்கு ஞாயிற்றுக்கிழமை அவன் விளையாடிய விளையாட்டும் ஒரு காரணம். ஜெபத்தின் நடுவில் எழுந்து போவது முறையல்ல என்பதால் நான் போகவில்லை. முடிந்த பிறகும் போகவில்லை. அதற்குள் மணி நின்றிருந்தது.

காலையில் நானே போய்ப் பார்த்தேன். முதலில் பலகையை எடுத்துவந்து பழைய ஆணியில் மாட்டினேன். அப்புறம் கயிற்றை அவன் கையிலிருந்து விடுவித்து மணி அடித்தேன். ஒரு அடி. ஓசை அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு அடி. முறைப்படி அடிக்கப்பட்ட மணி அது ஒன்றுதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஜானகியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நானே படுத்துக்கறேன்னு வெளையாட்டுக்குச் சொன்னியே ராசா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு காலும் முறிந்து, விழுந்த பிறகும் நெடுநேரம் உயிரோடு இருந்திருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைக் கேட்டு எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அவனுடைய அம்மா சந்திரகலா அடக்கம் முடிந்த மறுநாள் வந்தார். பிள்ளை விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தத் தரையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "கால் ஒடஞ்சவங்களுக்கு நல்லது பண்ற சாமி இங்க இருக்காராமே ஐயா. எம் புள்ளைக்கு ரெண்டு காலும் போயிடுச்சு. அங்கயாவது அவன் நடப்பானா?"

நான் அவரைக் கல்லறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். பல்தசார் சாமியார் அவனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவார் என்று சொன்னேன். அவர் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஜானகியம்மாள் காசு வாங்காமல் ஒரு கைப்பிடி கொள்ளு கொடுத்தார், அதையும் வைத்தார். போகும்போது அழுகை நின்றிருந்தது. அடியில் கிடப்பது ஒரு குதிரை என்று தெரிந்திருந்தால் அந்தத் தாய்க்கு அந்த ஆறுதல் கிடைத்திருக்குமா? நான் செய்தது சரிதான் என்று எனக்கு முழுசாக விளங்கியது அன்றைக்குத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் சடையப்பன் மரியாதை தெரிந்தவர். பலகை மாட்டியிருக்கிறது, பையன் மீறி ஏறியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை மணியோடு விளையாடியிருக்கிறான். விபத்து என்று அவருக்கே தோன்றிவிட்டது. வியாழக்கிழமை நான் அவனைப் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். மதியத்திலிருந்து கல்லறைப் பக்கமே இருந்தேன், மணிச் சத்தத்தை வைத்து அவன்தான் என்று ஊகித்தேன் என்றேன். குறித்துக்கொண்டார். போவதற்கு முன்னால், "ஒரு தடவ உள்ள போய்க் கும்புட்டுட்டு வந்துடறேன்" என்று பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனார்.

திரும்பி வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். தன் பூட்ஸையே பார்த்தார்.

"இத யாரு திருப்பி வெச்சது?"

நான் பதில் சொல்வதற்குள் ஜானகியம்மாள் வாசலிலிருந்து பெருமையாகச் சொன்னார்: "எங்க உபதேசியாருதான் சார். யாரு வந்தாலும் திருப்பி வெப்பாரு. வேற யாரும் செய்ய மாட்டாங்க. அப்டி ஒரு கொணம் அவருக்கு."

சடையப்பன் ஜீப்புக்குப் போய் அந்த வெள்ளிக்கிழமை காலை எடுத்த போட்டோக்களைக் கொண்டுவந்தார். மணிக்கூண்டு வாசலில் அன்புசெல்வனின் ஷூக்கள். ஜோடி சேர்ந்து, முனை வெளிப்பக்கம் பார்த்தபடி, அழகாக இருந்தன. எப்போது செய்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. அவன் தலை மறைகிறவரை நின்று பார்த்தேன் என்றேனே, அந்த நேரத்தில் கை தானாகச் செய்திருக்கிறது.

"அவன் உள்ள போனப்புறம் நீங்க இங்க வந்திருக்கீங்க. பாக்கவே இல்லன்னு சொன்னீங்க" என்றார்.

பொய் சொல்வது எனக்கு வராது. ஸ்டேஷனுக்கு வந்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் இதே வரிசையில் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் போன பிறகு மதில் டப்பாவிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் குதிரையையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். செருப்பு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த ஜானகியம்மாளும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சடையப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாம் சரி. அது குதிரன்னு வெளிய தெரிஞ்சா இன்னாய்யா ஆயிருக்கும்?"

"மக்கள் மனசு ஒடஞ்சிருக்கும் ஐயா. கொள்ளு வெச்சுக் கும்புடறாங்களே, அவங்க நம்பிக்க இன்னா ஆவறது? நான் எனக்காக எதுவும் செய்யல."

ஜானகியம்மாள் மெல்ல எழுந்து மேஜைக்கு வந்தார். அந்தச் சின்னக் குதிரையை எடுத்து நிமிர்த்தி நிற்கவைத்தார். அந்த அம்மாள் எழுத்து வாசனை இல்லாதவர். அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத வேண்டாம் என்றுகூட சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொண்டேன். இருந்தாலும் எதையும் மறைத்தேன் என்று இருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அழுத கண்ணோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"குதிரைக்குக் கொள்ளு வெக்காம பின்ன இன்னா வெப்பாங்க, உபதேசியாரே?"